பாதி அழித்த வால்

இன்று கட்டிலடியைப் பெருக்கியபோது விளக்குமாற்றோடு ரப்பர் துகள்கள் உருண்டு வந்தன, மருமகளே. நீ போன பிறகு இந்தக் குவார்ட்டர்ஸில் யாரும் எதையும் அழித்ததில்லை. திரும்பிப் பார்த்தால், உன் மகள் சுவரோரம் குப்புறப் படுத்துக்கொண்டு, பீரோவிலிருந்து எடுத்த, நீ கடைசியாக வரைந்த டைனோசரின் வாலை அழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உங்கம்மா படத்துலயா கை வைக்கே?" என்று பிடுங்கிவிட்டேன்.

"அம்மாதான் ஆச்சி முதல்ல அழிச்சா. தேக்கோ, இங்க பாரு, பாதி வரைக்கும்" என்றாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உண்மைதான்.

உனக்குப் படம் வரைவதைவிட அதில் தப்புச் சொல்லக் கேட்பதுதான் பிடிக்கும். ஞாயிறுதோறும் சரோஜினி நகரில் பஸ் ஏறி, மியூசியத்தில் டைனோசர் எலும்புகளை ஆராயும் அந்த வங்காளி சாரிடம் காட்டிவிட்டு வருவாய். கால்கள் பல்லிக்குப்போல் பக்கவாட்டில் விரியக் கூடாது, கோழிக்குப்போல் உடம்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அவர் சொன்ன வாரம், மொட்டைமாடியில் என்னைக் குனிந்து நடக்கவிட்டு வரைந்தாய். எதிர் மாடிப் பஞ்சாபிக்காரி, "மாஜி, கமர் மே தர்த் ஹை?" என்று என் இடுப்புவலியை விசாரிக்க, துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பு!

எதைக் காட்டினாலும் நான் "நல்லா இருக்கு" என்பேன். "ஏதாவது நொட்டை சொல்லுங்க அத்தை, அதுக்குத்தானே மாமியார்!" என்பாய். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள், நான் என்னத்தைக் கண்டேன்?

கடைசியாக அவர் சொன்னது வாலைப் பற்றி. காலடித் தடங்கள் கிடைத்த இடங்களில் வால் இழுபட்ட தடமே இல்லையாம். தூக்கிப் பிடித்துத்தான் நடந்திருக்கும் என்றாராம். தரையில் இழுபடுகிற வாலை நீ அழிக்க உட்கார்ந்த அன்றே காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. நீ தொட்டது தொட்டபடி இருக்கட்டும் என்று அந்தத் தாளை பீரோவில் வைத்தேன். எனக்கு அது உன் கை. உனக்கோ அது தப்பான வால்.

அதனால் உன் மகளிடமே திருப்பிக் கொடுத்தேன். உன் கோடு மறைய மறைய, உதிர்ந்த துகள்களை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டேன். தூக்கிய வாலை வரைந்து, "எப்படி இருக்கு ஆச்சி?" என்று நீட்டினாள். இந்தக் காலனியில் அவளைப்போல் வரைகிற பிள்ளை கிடையாது. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். நீ வந்து நாக்கில் நின்றுகொண்டாய்.

"வால் அடியில ஒல்லியா இருக்குட்டி. தலை இம்புட்டுப் பெரிசா இருந்தா முன்னால கவுந்துரும்லா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அச்சா" என்று மறுபடி குனிந்தாள்.

குறை சொல்கிறவளுக்கு இத்தனை வலிக்கும் என்று நீ சொல்லவே இல்லையே, தாயி. இனி அவளுக்குக் குறை சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.