இரண்டு விரல் அகலம்

நர்ஸம்மா,

பேத்தி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். நேற்றுக் காலை சாப்பாட்டு மேசையில் இரண்டு இடுப்பெலும்புகளை வைத்துக்கொண்டு, "தாத்தா, இது ஆணா பெண்ணா, சொல்லு பார்க்கலாம்" என்றாள். இரண்டையும் முன்பக்கம் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். அடியில் உண்டாகும் வளைவில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்தேன். தாராளமாக அடங்கின. "பெண்" என்றேன்.

"யார் சொல்லிக் குடுத்தா தாத்தா?"

"எங்க புரொபசர்." வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்களிடம் திருடுகிறேன்.

அறுபதுகளில் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எனக்குப் படிப்பு முடித்த சூடு. ஊருக்கு ஒரே டாக்டர் என்ற கொழுப்பு வேறு. நீங்கள் பிரசவம் பார்க்கும் நர்ஸ், என் வயதுதான். கோட்டை அகழிப் புதரில் ஆடு மேய்ப்பவர்கள் கண்ட எலும்புகளைப் போலீஸார் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். வராந்தா மேசையில் பரப்பினேன். கை எலும்புகள் தடித்து, தசை பிடித்த இடமெல்லாம் மேடு தட்டியிருந்தன. "ஆம்பள" என்றேன் சப்-இன்ஸ்பெக்டரிடம்.

அந்தப் பக்கமாக வந்த நீங்கள் நின்றீர்கள். "சார், இடுப்பெலும்ப ஒரு தபா பாருங்க." விரல்களை விரித்து வைத்தீர்கள். "இதுல கொழந்த தலை வரும் சார். கல்லு ஒடைக்கிற பொம்பளைக்கும் கை இப்பிடித்தான் இருக்கும்."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "நீங்க போயி பிரசவத்தப் பாருங்க" என்றேன். ஆண் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் சிங்கவரத்து அம்மா ஒருத்தி காத்திருந்தாள். கல் உடைக்கப் போன மகள் ஒரு வருஷமாகத் திரும்பவில்லை. "இது ஒம் பொண்ணு இல்லம்மா, ஆம்பள" என்றேன். சட்டென்று என் காலைத் தொட்டாள். "அப்போ எம் பொண்ணு உசுரோட இருக்குது. நீ நல்லா இருக்கணும் சாமி."

மூன்றாம் நாள் நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள். "அந்தம்மாவ விசாரிச்சேன் சார். பொண்ணுக்குச் சின்ன வயசுல எடது கை ஒடஞ்சி, கோணலா கூடிச்சாம்."

இடது முன்கையில் பழைய முறிவு, வளைந்து கூடியிருக்கிறது. அறிக்கையில் என் கையெழுத்திலேயே இருந்தது அந்த வரி. போலீஸார் அதற்குள் அவளை அடையாளம் தெரியாத ஆண் என்று புதைத்துவிட்டார்கள். எப்படிச் செத்தாள் என்று கேட்கவும் நாதியில்லை.

"திருத்தி எழுதிக் குடுத்துடுங்க சார். அந்தம்மா தேடிக்கினே இருக்குது."

ஸ்டேஷன் பத்து நிமிட நடை. அந்த சப்-இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை சிரிப்பாரே என்று இருந்தது. "பார்க்கலாம்" என்றேன். நீங்கள் திரும்பக் கேட்கவில்லை. என்னோடு வேலை தவிர வேறெதுவும் பேசவும் இல்லை.

மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸிலும் அந்த அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கும்பிட்டாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பிறகு எத்தனையோ மாணவர்களுக்குத் தடயவியல் பாடம் எடுத்தேன். எல்லாருக்கும் உங்கள் இரண்டு விரலைத்தான் காட்டினேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் காலமான செய்தி வந்தபோதும் செஞ்சிக்கு வரவில்லை. வந்தால் அந்த பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டுமே.

அந்த அம்மா வாழ்த்தியது பலித்துவிட்டது, நர்ஸம்மா. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.