மூன்று விசை

செப்டம்பர் 7, தராஸ், கசகஸ்தான்

நேற்று கல்யாண மண்டபத்தில் என் நிரலை முதன்முறையாக ஓட்டினார்கள். மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கும் சடங்கு. மாப்பிள்ளை வீட்டாரின் பெயர் ஒவ்வொன்றாகத் தட்டச்சாகித் திரையில் வரும். ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எக்காளம் ஊதும். பெயர் வந்தவருக்கு மணப்பெண் குனிந்து வணங்குவாள். இந்த இரண்டையும் யாரும் தவறி அழுத்த மாட்டார்கள் என்று யோசித்துத்தான் வைத்தேன்.

குதாய்பெர்கென் என்ற சித்தப்பாவின் பெயர் வந்ததும் எக்காளம் ஓயவே இல்லை. அவள் குனிந்துகொண்டே இருந்தாள். மற்ற சித்தப்பாக்கள் முறைத்தார்கள்.

செப்டம்பர் 8

மண்டபத்தில் பெயர்களைத் தட்டச்சு செய்யும் பெண் ரௌஷானிடம் கேட்டேன்.

"அந்தச் சித்தப்பா பேரை அடிக்கிறதுக்குள்ள நாலஞ்சு தடவை மாத்தினேன். விசைப்பலகையக் கசாக்கிலேருந்து ரஷ்யனுக்கு வேற எப்படி மாத்துறதாம்? ஊரே ஆல்ட் ஷிஃப்ட்தான் அழுத்துது. நீங்க எப்படி மாத்துவீங்க பெரியவரே?"

மவுஸால், மூலையிலுள்ள குறியைச் சொடுக்கி. சொன்னேன். சிரித்த சிரிப்பில் தேநீரைக் கொட்டிவிட்டாள்.

நாற்பது ஆண்டு நிரல் எழுதினேனா, எழுதுவதாக நடித்தேனா?

செப்டம்பர் 9

பேத்தி தோல்கினின் கல்யாணம் இருபதாம் தேதி, அதே மண்டபத்தில். செய்தி அவளுக்கும் எட்டிவிட்டது. "தாத்தா, ஒரு தடவை கூடுதலா குனிய வச்சாலும் உங்ககூட பேச்சே கிடையாது. முதுகு என்னோடது!"

வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமா — இல்லை. நானே திருத்துகிறேன்.

செப்டம்பர் 10

ஆல்ட், ஷிஃப்ட் அழுந்தியிருக்கும்போதே ஆங்கில 'பி' எழுத்தும் வந்தால்தான் எக்காளம். மூன்று விசை. இனித் தவறாது.

செப்டம்பர் 14

தவறிவிட்டது. நேற்றைய கல்யாணத்தில் எக்காளம் ஊதவே இல்லை. மணப்பெண் நட்ட கம்பமாக நின்றாள். ரௌஷான் மைக்கைப் பிடுங்கி, வாயாலேயே "பாம் பபாம்" என்று ஊதினாள். ஐயோ!

எழுத்தையா பார்ப்பது, மடையா? கசாக்குக்கு மாற்றினால் அதே விசை வேறு எழுத்தைத்தானே தரும்! எழுத்தைப் பார்க்கக் கூடாது. விசை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 15

திருத்தினேன். சரி என்று நினைக்கிறேன். போன முறையும் அப்படித்தான் நினைத்தேன்.

செப்டம்பர் 19

மறுபடி சோதித்தேன்.

செப்டம்பர் 20

ஒரு பெயர், ஒரு எக்காளம், ஒரு வணக்கம். கடைசிச் சித்தப்பாவும் முடிந்தார். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அப்போது திரையில் என் பெயர். நான் பெண் வீட்டுக்காரன், அந்த வரிசையிலேயே இல்லாதவன்! எக்காளம் ஊதியது. தோல்கின் என் பக்கம் திரும்பி நன்றாகவே குனிந்தாள்.

ரௌஷானிடம் ஓடினேன். "மறுபடியும் பிழையாம்மா?"

அவள் மூன்று விரலைத் தூக்கி, காற்றில் விசை அழுத்திக் காட்டினாள்.