கல்லறையில் ஏறிய மான்

அன்பு அப்பா,

நிம்மதியாகத் தூங்குகிறீர்களா என்று கேட்கவே கூசுகிறது. உங்கள் தலைமாட்டில் தம்பி ராயன் ஒரு மானை நிறுத்திவிட்டான்.

கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போனேன். பழைய சிலுவையைக் காணோம். பளபளவென்று கறுப்புக் கல், அதில் கேடயம், கொம்பு வைத்த மான். கீழே பெரிதாக ‘ஹார்ட்லி’. ‘ஆங்கிலேய வம்சம்’ என்று ஒரு வரி வேறு. மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய மனிதருக்கு மான் எதற்கு?

“நெட்ல பார்த்தேன்க்கா. இங்கிலாந்துல மான் திரியுற காட்டுவெளிக்குத்தான் ஹார்ட்லின்னு பேரு. அந்த ஊர்க்காரங்க நம்ம. சம்பந்தம் பேச வாரவங்க பார்த்தா ஒரு மரியாதை இருக்கும்லா?” என்கிறான். மகனுக்குப் பெண் பார்க்கிறானாம்.

“ஏலே, தாத்தாவுக்கு ஞானத்தகப்பனா நின்ன கப்பல் ஏஜென்ட் தொரையோட பேருலா அது?”

“அது யாருக்குக்கா தெரியப் போகுது?”

ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயரை ரத்தத்தில் வந்ததாகச் சொன்னால், தாத்தாவைப் பெற்ற மகராசி மேல் என்ன பழி விழும்? அதைக்கூடவா யோசிக்கவில்லை? சீ, இவனும் ஒரு பிள்ளையா!

நீங்கள் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னீர்களே: “ஏளா, சொந்த ஊர்ல கிடக்கிறவன எவனாவது ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்பிடுவானா? ஊர விட்டு வந்தவனுக்குத்தான் அது ஒட்டும். தொரை வீட்டுலயும் ஹார்ட்லிங்கிற ஊர்ப் பேரு அப்படித்தான் ஒட்டியிருக்கும்.”

உங்களுக்கும் ஒட்டியதே! இளவயதில் வேம்பாரிலிருந்து வந்த உங்களைத் துறைமுகத்தில் யார் ஹார்ட்லி என்றார்கள்? எல்லாருக்கும் நீங்கள் வேம்பார்காரர். அடக்கத்தன்று தோணிக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தானே அழுதார்கள்? கல்லில் அது மட்டும் இல்லை. கேட்டால், “வேம்பார்னு போட்டா உப்பளத்து ஆளுன்னு நினைப்பாங்கக்கா” என்கிறான். அதற்குப் பிறகு அவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

கல் வெட்டுகிற அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன் அப்பா. திங்கட்கிழமை உளியோடு வருகிறார். மானும் போகும், வம்சமும் போகும். ஹார்ட்லி இருக்கட்டும், ஒரு பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்ற மனிதரின் பெயர் அது. அதற்கு மேலே ‘வேம்பார்’ என்று ஆழமாக வெட்டுவோம். ராயன் என்னோடு பேசமாட்டான், பேசாமலே போகட்டும். அந்த எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் உங்கள் பக்கத்தை விட்டு நகரமாட்டேன்.

இப்படிக்கு,
வேம்பார்காரர் மகள்,
செலின்