வெயிட்டிங் என்றால் அதுவல்ல அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஓட்டல் சலவைப் பிரிவில் அவளை மடிக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். உட்கார்ந்தே செய்யலாம், முன்பு போல இஸ்திரி மேஜைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை. நான் கிளினிக்கில் அதே வரவேற்பு மேஜையில்தான் இருக்கிறேன். இப்போது நோயாளிகளின் பெயரை மைக்கில் கூப்பிடும் வேலையும் சேர்ந்திருக்கிறது. என் மெல்லிய குரலைக் கேட்ட பெரிய டாக்டர், "நீ கூப்பிட்டா வந்தவங்க எல்லாம் கால் வலிய விட்டுட்டு காது டாக்டரப் பார்க்கப் போயிடுவாங்கம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இன்னும் மெதுவாகக் கூப்பிட்டேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். மேல் கட்டில், கீழ்க் கட்டில் என்று உங்கள் அறையில் இருக்கும் அத்தனை பேரும் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலப் பேசுவார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இது ஸ்பீக்கரில் சொல்லும் செய்தி இல்லை. உங்கள் அறை ரேடியோ மாமா விடுமுறை முடிந்து அடுத்த வாரம் அங்கே திரும்புகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டி அதன் மேல் டேப்பும் போட்டிருக்கிறேன். அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று உங்களுக்கே தெரியும். தயவுசெய்து கட்டிலில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். மொட்டைமாடிக்குப் போய்த் தனியாகப் படியுங்கள்.

அப்பா, சின்னவளுக்கு அந்த வெளிநாட்டுக் காலேஜில் இடம் கிடைக்கவில்லை.

முடிவு வந்த அன்று அம்மா உங்களிடம், "வெயிட்டிங்ல இருக்குங்க" என்றுதான் சொன்னாள்.  உடனே நீங்கள், "அவ்வளவு பெரிய காலேஜு என் பொண்ணுக்காக வெயிட் பண்ணுதா?" என்று கேட்டீர்கள். அதற்குள் உங்கள் அறை முழுக்கக் கைதட்டல். ரேடியோ மாமா, "அண்ணே, அப்படியே ப்ளேனையும் வெயிட் பண்ணச் சொல்லுங்க, பொண்ணு நிதானமா கிளம்பட்டும்" என்றார். நான் இரண்டு முறை "இல்லப்பா" என்றேன். கிளினிக்கிலேயே கேட்காத குரல், அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? நீங்கள் கீழே கடைக்குப் போய் கேக் வாங்கி வந்து, அதை வெட்டுவதைப் போனில் காட்டினீர்கள். சின்னவள் போனை வாங்கி, "ஆமாப்பா, தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

வெயிட்டிங் என்றால் இடம் நமக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை அப்பா. நாம்தான் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். முதலில் கூப்பிட்டவர்களில் யாராவது வேண்டாம் என்று சொன்னால்தான் வெளியே நிற்பவர்களைக் கூப்பிடுவார்கள். அந்தக் காலேஜை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

அன்று ராத்திரி உங்களைக் கூப்பிட்டுச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். சின்னவள்தான் தடுத்தாள். "லிஸ்ட் நகர்ந்துச்சுன்னா அது நிஜமாயிடும்க்கா. அதுவரைக்கும் அவர் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். லிஸ்ட் நகரவில்லை. போன வாரம் இரண்டு வரியில் மெயில் அனுப்பி முடித்துவிட்டார்கள். மற்றக் காலேஜ்கள் முன்பே இல்லை என்று சொல்லிவிட்டன. ஒன்று மட்டும் வா என்றது. ஆனால் உதவித்தொகை கிடையாது என்றது. அந்தப் பக்கத்தை அவள் அம்மாவுக்குக் காட்டாமலே மூடிவிட்டாள்.

அவள் பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. காலேஜ் விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் அறை வாசலில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. யாருக்காவது காலேஜில் இடம் கிடைத்தால் அவர்கள் போய் அந்த மணியை அடிக்க வேண்டும். வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும் ஆசிரியர் நிறுத்திவிடுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டு மாதமாகத் தினமும் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவளுடைய சிநேகிதி, வீட்டுக்கு வந்து நம் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போடுமே அந்தச் சுருட்டை முடிப் பெண், அவளும் அடித்துவிட்டாள். அதே காலேஜ்தான். அவளுடைய அப்பாவும் தாத்தாவும் அங்கே படித்தவர்களாம். "நீ என்னடி பண்ணே?" என்று கேட்டேன். "எல்லாரையும் விடச் சத்தமா கைதட்டினேன்க்கா. இல்லன்னா என்னையத்தான் பார்ப்பாங்க" என்றாள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் ரேடியோ மாமா கொண்டுவந்த பெட்டி. நீங்கள் வாங்கி அனுப்பிய அந்தச் சக்கரம் வைத்த பெரிய பெட்டியை அவர் படியேற்றிக்கொண்டு வந்தபோது சின்னவள்தான் கதவைத் திறந்தாள். "எங்க, நம்ம காலேஜ் பொண்ணு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா, அழகா இருக்கு" என்றாள். நம் வீட்டில் அதை வைக்க இடம் ஏது? கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் யாராவது முழங்காலில் இடித்துக்கொள்கிறோம். 

அன்றைக்கு மாமா அம்மாவிடம், "பொண்ணு செலவுக்காக அண்ணன் இன்னும் ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட்டு போடப்போறாரு தங்கச்சி. ஒண்ணாம் தேதி கையெழுத்து" என்றார். அம்மா அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிரம்பித் தட்டில் வழிந்த பிறகுதான் நிறுத்தினாள். கப்பல் பட்டறை வேலை இந்த வருடத்தோடு போதும், திரும்பி வந்துவிடுகிறேன் என்று நீங்கள் அவளிடம் சொல்லியிருந்தீர்கள் அல்லவா?

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றாள் அம்மா. எழுதாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். பணம் போதவில்லை, ட்யூஷன் வைக்கவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் நன்றாகச் செலவு செய்து மறுபடி முயன்று பார்க்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

மெயில் வந்த மறுநாள் நானும் அம்மாவும் அந்த கவுன்சிலர் மேடத்தைப் பார்க்கப் போனோம். சுவர் முழுக்கக் காலேஜ் கொடிகள், மெத்து மெத்தென்று சோபா. அம்மா அதன் நுனியில்தான் உட்கார்ந்தாள். "எதுல குறைஞ்சுச்சுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும் மேடம். நாங்க ட்யூஷன் வைக்கல, அதுனாலயா?" என்று கேட்டாள். அந்த மேடம் நல்லவர்தான். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார். "உங்க பொண்ணுகிட்ட குறையே இல்லம்மா. ஆனா எங்க ஸ்கூல்ல இருந்து அந்த ஒரு காலேஜுக்கே முப்பது பேர் அப்ளை பண்றாங்க. அவங்க ரெண்டு மூணு பேரத்தான் எடுப்பாங்க. முப்பதுல ஒருத்தியா நின்னா இவ கண்ணுல படமாட்டா. உங்க ஏரியா ஸ்கூல்ல இருந்து போயிருந்தா இவ ஒருத்திதான் போயிருப்பா, உடனே எடுத்திருப்பாங்க" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போல. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஏரியா ஸ்கூல் என்றால் நான் படித்த பள்ளிதான் அப்பா. அடுத்த தெரு முனையில் இருப்பது.

 திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா, "அப்ப உங்கப்பா போனது எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் கேட்டது போலவும் இல்லை. சின்னவள் அந்தப் பள்ளியின் தேர்வில் ஜெயித்து ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம்தானே நீங்கள் கிளம்பினீர்கள். ஃபீஸ் இல்லை என்றார்கள், மற்றது எல்லாம் நம் பாடு என்றார்கள்.

நீங்கள் தப்புச் செய்துவிட்டீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பள்ளிக்குப் போயிருக்காவிட்டால் அவள் இப்போது இருக்கும் சின்னவளாக இருக்கமாட்டாள். மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடாமல் பேசியவள் அவள். நான் பாடப் புத்தகத்தில் அதன் படத்தை மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதியவள். கவுன்சிலர் சொன்னதை அவளிடம் நானே சொன்னேன். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். "அந்த ஸ்கூலுக்குப் போகலன்னா அந்தக் காலேஜ் பேரே எனக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா" என்றாள். க்ளிப்பைப் போட்டுவிட்டு, "தெரியாமயே இருந்திருக்கலாம்" என்றாள்.

நான் படித்த காலேஜிலேயே அவளும் சேர்ந்துவிட்டாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவளே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சேர்க்கை நாளன்று நானும் அம்மாவும் கூடப் போனோம். ஜன்னலில் இருந்த கிளார்க் அவளுடைய பள்ளியின் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஸ்கூலா? அங்க படிச்சுட்டு இங்க எதுக்கும்மா வந்தே?" என்றார். "வீட்டுக்குப் பக்கம் சார்" என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா?

நான் சேர்ந்த அன்று நீங்கள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தீர்கள். அந்த வாசலில் என்னை நிறுத்திப் பக்கத்துக் கடைக்காரர் போனை வாங்கிப் படம் எடுத்தீர்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறேன். நம் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். அதே வாசலில் அவள் நின்றபோது எங்கள் மூன்று பேரிடமும் போன் இருந்தது. யாரும் வெளியே எடுக்கவில்லை. அதுதான் அப்பா என்னைப் போட்டு அறுக்கிறது. எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்த இடம் அது.

அவள் இங்கே படிப்பதற்கு என் சம்பளமும் அம்மா சம்பளமும் தாராளமாகப் போதும். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதனால் நீங்கள் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டாம். அவளும் அதையேதான் சொல்கிறாள். மறுபடி முயல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் அது அவள் விருப்பம், படித்து முடித்த பிறகு மேல்படிப்புக்குக் கூட முயலலாம். உங்களுடைய இரண்டு வருடத்தை அதற்கு வைக்க வேண்டாம் என்கிறாள். "எனக்காகன்னு சொல்லி இன்னொரு தடவை போட்டார்னா நான் படிக்கவே மாட்டேன்க்கா, சொல்லிடு" என்றாள். அவள் கோபமாகப் பேசி நான் கேட்டது இந்த ஒரு தடவைதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொஞ்ச நாளாகப் போனில் நீங்கள் டம்ளரை இடது கையால்தான் எடுக்கிறீர்கள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறீர்கள். எலும்பு டாக்டர் கிளினிக்கில் நாள் முழுக்க நான் பார்ப்பதே இதைத்தான் அப்பா, கையை மறைத்துக்கொண்டு வருகிறவர்களை. ரேடியோ மாமாவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். அதற்கப்புறம் அன்று அவர் வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் உங்களிடம் மறைத்தோம், நீங்கள் எங்களிடம் மறைக்கிறீர்கள். போதும். வந்துவிடுங்கள். என் மேஜையிலேயே உங்கள் பெயரைப் பதிந்து, டாக்டரிடம் நானே உள்ளே அழைத்துப் போகிறேன்.

ரொம்ப நாளாகச் சின்னவள் ஏன் போனில் சரியாகப் பேசுவதில்லை என்று கேட்டீர்கள். கோபம் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவோமோ என்று பயந்துதான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, உனக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். விளக்கை அணைத்த பிறகு கேட்டாள், "அக்கா, நான் இப்ப அப்பாவ விட உயரமா இருப்பேனா?"

நீங்கள் கடைசியாக வந்துபோன பிறகு அவள் மளமளவென்று வளர்ந்துவிட்டாள் அப்பா.  போனில் எல்லோருக்கும் முகம் மட்டும்தானே இருக்கிறது. வந்து அவள் பக்கத்தில் நின்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வரவையே வேண்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் பெரியவள்