பாதி மலையில் ஒரு பலகை

சின்னமனூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் நதியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை சுரேஷ்கண்ணனும் உண்மையிலேயே சுகம்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

ஹவாய் எரிமலையில் சூரியன் மறைவதைப் பார்க்கப் போனீர்களே, அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது! இங்கே திராட்சைத் தோட்டத்தில் மேற்கு மலையின் நிழல் விழுந்ததும் பெண்கள் கூடையை இறக்கிவிடுகிறார்கள். சூரியன் கேரளாவுக்குப் போயாச்சு என்போம். அங்கே போய் அது என்ன செய்கிறது என்று இந்த வயதில்தான் பார்க்கிறேன். எரிமலை என்கிறாயே, தரை சுடாதா? செருப்பைக் கழற்றிப் பார்த்தாயா? அத்தனை உயரத்தில் சோறு வேகுமா?

மாப்பிள்ளை மட்டும் உச்சிக்குப் போனார், கால் வலியால் நான் பாதி மலையிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்றாய். மேகமலையில் எங்களையெல்லாம் பின்னால் விட்டு ஓடியவளுக்குக் கால் வலியா? உச்சி வரை காரே போகும் என்று நீதானே சொன்னாய்?

நீ உட்கார்ந்திருக்கும் போட்டோவில் பின்னால் ஒரு பலகை இருந்தது. எதிர்வீட்டு பெனிட்டா டீச்சரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பதின்மூன்று வயது ஆகாத பிள்ளைகள் இதற்கு மேலே போகக் கூடாதாம். அங்கே காற்று போதாதாம். "நல்லதாத்தான் இருக்கும்க்கா, மனசப் போட்டு ஒழப்பாதீக" என்றார்.

நீ சின்னப் பிள்ளை இல்லை. மிச்சம் இரண்டு. ஒன்றை நினைத்தால் வயிறு குளிர்கிறது. இன்னொன்றை நினைத்தால் உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தது கண் முன்னால் வருகிறது.

நல்லதையே நினைப்போம் என்றால் மாப்பிள்ளை விஷயம் இடித்தது. நம் பக்கம் மனைவி மாசமாக இருந்தால் கணவன் மலை ஏற மாட்டான். நீ வயிற்றில் இருந்தபோது உன் அப்பா எந்த மலைக் கோயிலுக்கும் போகவில்லை. குச்சனூரில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு இது தெரியாதா? தெரிந்தும் ஏறியிருக்கிறார் என்றால் உனக்கு நெஞ்சில்தான் ஏதோ கோளாறு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று மறுபடியும் அந்த வீடியோவைப் போட்டேன். மாப்பிள்ளை உச்சியில் நின்று எடுத்தது என்றாயே, கடைசியில் போன் ஒரு சுற்றுத் திரும்புகிறது. உச்சி இன்னும் மேலே நிற்கிறது. ஓரத்தில் அதே பலகை.

அவரும் ஏறவில்லை. ஏறவில்லை என்று சொன்னால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதானே மாற்றிச் சொன்னாய்? கார் இருந்தும், அவ்வளவு தூரம் போயும், உன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டீச்சரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

போன தடவை எல்லோரிடமும் சொன்ன பிறகு கலைந்துபோனதை நினைத்துத்தான் நீ வாய் திறக்கவில்லை. பரவாயில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல், அதுவரை நானும் மூச்சுவிட மாட்டேன். பார்சலில் மிளகாய்ப் பொடியை எடுத்துவிட்டு உப்பு நார்த்தங்காய் வைத்திருக்கிறேன். எதற்கு என்று என்னைக் கேட்காதே.

உச்சி எங்கும் போய்விடாது. பலகையில் சொன்ன பதின்மூன்று வயது ஆகட்டும். மூன்று பேராகப் போய் நின்று பாருங்கள். அதுவரைக்கும் உங்கள் மூவரையும் சுருளி வேலப்பர் காக்கட்டும்.

உன் அம்மா,
பாண்டீஸ்வரி