கொதிக்க வைத்த தண்ணீர்

2024 பெப்ரவரி 6
பிள்ளைக்கு இரண்டு மாதம். எனக்குப் பால் வற்றிவிட்டது, மாப்பால்தான். கிணற்றுத் தண்ணீரைப் பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்துத்தான் பால்மாவைக் கரைக்கிறேன்.

பெப்ரவரி 9
உதடு நீலம். நகமும். குளிர்தானாக்கும் என்று போர்த்திவிட்டேன்.

பெப்ரவரி 10
ஆஸ்பத்திரி. எடுத்த ரத்தம் கோப்பி நிறம்.
டொக்டர் கேட்டார், “என்ன தண்ணியில கரைக்கிறனீங்கள்?”
“கிணத்துத் தண்ணி. வடிவாக் கொதிக்க வச்சுத்தான்.”
“கழிவோ உரமோ ஊறின தண்ணியில வாற நைத்திரேற்று உப்புத்தான் ரத்தத்தைக் கெடுத்தது. அது கொதிச்சாப் போகாதம்மா. தண்ணிதான் ஆவியாப் போகும். மிச்சத்தில அது இன்னும் கூடும்.”
பதினைந்து நிமிடம். என்ர கையால.

பெப்ரவரி 11
பக்கத்துக் காணி இன்னாசிமுத்து அண்ணன் போன மாதம் வேலியோரம் மலகூடக் குழி வெட்டினவர். “அவன்ர குழிதான்” என்று சொல்லிவிட்டு என் புருஷன் கொலின்ஸ் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து போனார்.
பின்னேரம் மச்சாள் சிவராணி போன் எடுத்துச் சொன்னாள். அவர் மண்வெட்டியோடு வேலியைப் பிரித்துப் போயிருக்கிறார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவராம். முதல் வெட்டு தோளில். தடுத்த வலக்கையில் அடுத்தது — மூன்று விரல் துண்டாகிவிட்டது. விழுந்தவரின் வாயில் குழி மண்ணைத் திணித்து, “என்ர பிள்ளை குடிச்சதை நீயும் தின்.” குறுக்கே விழுந்த அண்ணனின் மனைவி அழகம்மா அக்காவின் தலையும் உடைந்தது.
கேட்டபோது எனக்கு — எழுதக் கூடாது. எழுதுகிறேன். அந்த அடி காணாது, இன்னும் வேணும் என்று இருந்தது.

பெப்ரவரி 13
ஊசி போட்ட பிறகு நீலம் மாறிப் பிள்ளை சிவந்துவிட்டாள். கொலின்ஸைப் பொலிஸ் பிடித்து மறியலில் போட்டுவிட்டது. இன்னாசிமுத்து அண்ணன் இதே ஆஸ்பத்திரியில், கீழ் வாட்டில். நான் இறங்கிப் போகவில்லை.

பெப்ரவரி 22
சுகாதாரப் பரிசோதகர் முபீன் அறிக்கையோடு வந்தார். எங்கள் கிணற்றில் நைத்திரேற்று இருக்கக்கூடிய அளவைப்போல நாலு மடங்கு.
“அவையின்ர குழிதானே?”
“அதை இன்னும் ஒருத்தரும் பாவிக்கேல்லை, தங்கச்சி. வெறும் மண்.”
அவர் எங்கள் மாட்டுக்கொட்டிலைப் பார்த்தார். கிணற்றிலிருந்து ஆறு அடி. சாணிக் கும்பி. பக்கத்தில் மழையில் கரைந்த யூரியா மூடைகள்.
“இதுகள்தான் மண்ணில ஊறி உங்கட கிணத்தில இறங்கியிருக்கு.”

மார்ச் 2
மறியலில் கொலின்ஸிடம் சொன்னேன். கம்பியில் தலையை அடித்தார். நெற்றி வெடித்தது.
“அந்தக் கடதாசியைக் கொளுத்து. வாய் திறந்தியெண்டா உன்ர சவம்தான் கிணத்தில மிதக்கும்.”
செய்வார்.

மார்ச் 9
வேலியைத் தாண்டிப் போனேன். அண்ணன் இடக்கையால் சோறு அள்ளிக்கொண்டு இருந்தார். அழகம்மா அக்கா எழும்பி உள்ளே போனா. முழுவதையும் சொன்னேன். காறித் துப்புவார் என்று நின்றேன்.
அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “அப்ப எங்கட கிணறு? மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிக்கிறாள்.”
அதை நான் யோசிக்கவே இல்லை.

மார்ச் 11
அவர்களின் கிணற்றில் ஒரு போத்தல் அள்ளி முபீனிடம் கொடுத்தேன். அங்கிருந்து பொலிசுக்கு நடந்துபோய், அண்ணனின் குழியில் பிழையில்லை, எங்கள் கொட்டில்தான் என்று சொல்லி வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தேன்.