இருமல் நின்றவன்

தோஸ்து, கருகின வைக்கோல் வாசனை இன்றைக்கு மறுபடி மூக்கில் ஏறியது. துறைமுகக் கொட்டகையில் ஒரு திராவக ஜாடி உடைந்துவிட்டது. நாம் சுமந்த அதே வெடியுப்புத் திராவகம், நைட்ரிக் ஆசிட்தான். சுற்றியிருந்த வைக்கோலில் பட்டதும் அதே செம்பழுப்புப் புகை.

நமக்கு வயசிருந்த காலத்தில், அன்றைக்கு மூங்கில் தண்டின் முன்முனை எனக்கு, பின்முனை உனக்கு. நடுவில் தொங்கிய ஜாடி விரிசல் விட்டது தெரிவதற்குள் புகை சூழ்ந்துவிட்டது. என்னை வெளியே இழுத்துப் போட்டவன் நீ. இரண்டு பேரும் குடல் வெளியே வருகிற மாதிரி இருமினோம்.

புகை குடித்தவனைச் சோதிக்க நம் ஆட்களிடம் ஒரே வழிதான். ஒரு சொம்பு மோர் கொடுப்பார்கள். பிறகு அவன் தன் பேரை உரக்கக் கத்த வேண்டும். இருமாமல் கத்திவிட்டால் விஷம் இறங்கிவிட்டது, சுமை தூக்கலாம். நான் பாதிப் பேரிலேயே மடங்கி விழுந்தேன். நீயோ இருமலே இல்லாமல், உன் பேரை விட்டுவிட்டு, "அஞ்சல!" என்று பெண்டாட்டி பேரைக் கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

என்னைக் கைவண்டியில் போட்டு நீயே இழுத்தாய். கல்மண்டபம் தாண்டும்போது, "இன்னாடா, ஒரு பொகைக்கே பட்த்துக்கினே?" என்று கிண்டல் வேறு. தண்டில் எப்போதும் முன்னால் போனவன் நான். உன் முதுகை அன்றுதான் அத்தனை நேரம் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை விட்டுவிட்டு உன்னிடம் வந்தார். "வண்டி இழுத்தது நீயா? முதல்ல படு. இந்தப் புகைக்கு இருமல் நின்னப்புறம்தான் நெஞ்சுல நீர் கோக்கும். உடம்பு அலட்டினா இன்னும் சீக்கிரம்."

"நான் நல்லாத்தான் கீறேன் சாமி" என்று சிரித்தாய். பொழுது சாய்வதற்குள் உன் வாயில் நுரை தள்ளியது. குளிர்ந்துபோன உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் இருமிக்கொண்டே இருந்தேன்.

இன்றைக்கும் மோர் வந்தது. புகையில் மாட்டிய திருவொற்றியூர்க்காரன் தன் பேரைக் கணீரென்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். தண்டை எடுக்கக் குனிந்தவனைப் பாய்ந்து பிடித்து உட்கார வைத்தேன்.

"யோவ், இன்னா பேஜாரு பண்றே? நான் நல்லாத்தான் கீறேன்!"

அதே வார்த்தை. ஓர் அடிகூட நடக்க விடவில்லை. தண்டில் சாக்கைக் கட்டி, அதில் அவனைக் கிடத்தினோம். முன்முனைக்கு வேறு ஆளை விட்டு, உன் இடமான பின்முனையை நான் பிடித்தேன். அவனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வர வேண்டுமே.

சாயங்காலம் அவனுக்கும் மூச்சு முட்டியது. அலட்டாமல் கொண்டுவந்ததால் பிழைத்துக்கொள்வான் என்று இப்போதுதான் சொன்னார்கள். கண் விழித்ததும், "அந்தக் கெயவன் பூட்டானா?" என்று என்னைப் பற்றித்தான் கேட்டானாம்.

போகவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னைத் தூக்கிவர இந்தத் தோளுக்கு அன்றைக்குக் கொடுத்து வைக்கவில்லை, தோஸ்து. இன்று வழியெல்லாம் அதில் அழுத்தியது உன் கனம்தான்.